சம்பந்தி வீட்டு மாடியில் என் சோலார்

அந்த நோட்டீஸை மடிச்சுப் பைக்குள்ள வைங்க சார். வைங்க, சொல்றேன். பஸ் ஸ்டாண்டுல எவனோ குடுத்தான்னு வாங்கி, அதைப் போயி இம்புட்டு கவனமாப் படிக்கிறீங்க. ‘உங்கள் வீட்டுக்கேற்ற சோலார் வாட்டர் ஹீட்டர்.’ வீட்டுக்கேத்ததாம்! அவன் உங்க வீட்டைப் பாத்திருக்கானா? உங்க முகத்தையே ஒழுங்காப் பாத்திருக்க மாட்டான். போறவன் வர்றவன் கையில எல்லாம் திணிக்கிறான், அம்புட்டுத்தான்.

வீடு கட்டுறீங்களா? எங்க? காரமடையா. சரி, அப்ப என்கிட்ட கேளுங்க. இந்த பஸ்ஸு மலையிறங்கி மேட்டுப்பாளையம் போற வரைக்கும் எனக்கும் வேற வேலை இல்ல. அருப்புக்கோட்டையில எலக்ட்ரிக்கல் கடை வச்சிருக்கேன். இன்னைக்கு நேத்து இல்ல, எங்க பஜார்ல முதமுதல்ல டியூப்லைட்டு வித்த கடை நம்ம கடைதான். சோலாரு நான் வித்ததுல ஒண்ணுகூட ரிப்பேருன்னு திரும்பி வந்தது கிடையாது. ஒண்ணு வெடிச்சிச்சு. அது என் தப்பு இல்ல. அதைத்தான் சொல்ல வர்றேன்.

ஜன்னலை மூடிக்கிறேன். ஊட்டிக் காத்துன்னு காசு செலவு பண்ணி வர்றானுக. இது ஒரு காத்தா? ஈரத்துணியை மூஞ்சியில போட்ட மாதிரி இருக்கு.

தகடா, கண்ணாடிக் குழாயான்னு அதுல போட்டிருக்கான்ல? கண்ணாடிக் குழாய்ப் பக்கமே போகாதீங்க. பாக்கப் பளபளன்னு இருக்கும், குரங்கு ரெண்டு குதி குதிச்சா முடிஞ்சது. நான் விக்கிறது தகடு. கறுப்புத் தகடு, அதுக்குள்ள தாமிரக் குழாய். குழாய்க்குள்ள தண்ணி நிக்கும், வெயிலு காய்ச்சும், சூடான தண்ணி தானா மேல ஏறி டேங்குக்குப் போயிரும். மோட்டார் கிடையாது, மந்திரம் கிடையாது. எங்க வீட்டு மாடியில வச்சிருக்கேன். சித்திரை மாசம் குழாயைத் திறந்தீங்கன்னா கை வைக்க முடியாது. அப்படிக் கொதிக்கும்.

என்ன சிரிக்கிறீங்க? அருப்புக்கோட்டையில சித்திரை மாசம் வெந்நீர் எதுக்குன்னுதானே? எல்லாரும் கேக்குற கேள்விதான். கேக்குறவன் ஒருத்தன் வீட்லயும் சோலார் கிடையாது, அதையும் பாத்துட்டேன்.

உங்க ஊர்ல போர் தண்ணியா? வெள்ளை வெள்ளையாப் படியுமா? அதெல்லாம் ஒண்ணும் செய்யாது சார். எங்க ஊர்லயும்தான் பக்கெட்டுல படியுது. குழாய்க்குள்ள படிஞ்சு நான் பாத்ததில்ல. திறந்து பாத்தீங்களான்னா? ஓடிக்கிட்டிருக்கிறதை எவனாவது திறந்து பாப்பானா?

சரி, விஷயத்துக்கு வர்றேன். என் மகளை ஊட்டியில குடுத்திருக்கேன். ரஞ்சனின்னு பேரு, ஒரே பொண்ணு. எம்.எஸ்சி. பிசிக்ஸ். மதுரையில ஹாஸ்டல்ல சேத்துப் படிக்க வச்சேன், எங்க தெருவுல அம்புட்டு படிச்ச பிள்ளை கிடையாது. மாப்பிள்ளை வீடு எங்க ஆளுகதான். மாப்பிள்ளையோட தாத்தா காலத்துல மலையேறிப் போயி ஊட்டியில காந்தல்ங்கிற இடத்துல பேக்கரி வச்சவங்க. மேல போன பெறகு புத்தியும் சேந்து உறைஞ்சிருச்சு. காஞ்சு போன ரொட்டிக்கு வர்க்கின்னு பேரு வச்சு விக்கிறாங்க, அதை வாங்குறதுக்கு ஒரு கூட்டம் வேற வந்து நிக்குது.

சம்பந்தி பேரு தவசிமுத்து. எதைக் கேட்டாலும் ‘பாப்போம்’பாரு. அந்த ஒரு வார்த்தை வாயிலருந்து வர்றதுக்குள்ள நம்ம டீ ஆறிப்போயிரும். மாப்பிள்ளை தினகரு அவருக்கும் மேல. தலையில ஒரு குரங்குக் குல்லா, மூஞ்சியில ஒரு சிரிப்பு. கோபம் வராத ஆம்பளையை என்னன்னு சொல்றது, நீங்களே சொல்லுங்க.

ரஞ்சனிக்குப் பிரசவம் எங்க வீட்லதான். பொம்பளைப் பிள்ளை. தலை நின்ன பெறகு, கார்த்திகையில நானும் என் வீட்டுக்காரியும் கொண்டுபோயி விட்டுட்டு வந்தோம். அப்பதான் பாத்தேன், அவங்க வெந்நீர் போடுற லட்சணத்தை. பேக்கரி அடுப்பு இருக்குல்ல, விறகு அடுப்பு, அதுக்கு மேல ஒரு செப்பு அண்டாவைப் பதிச்சு வச்சிருக்காங்க. அடுப்பு எரியிற சூட்டுல அதுவாக் காயுது. அதைப் பக்கெட்டுல பிடிச்சு, பின்பக்கம் படியேறி வீட்டுக்குக் கொண்டு வரணும். சம்பந்தியம்மாதான் தூக்கிட்டு வர்றாங்க. அந்தத் தண்ணியில என் பேத்தியைக் குளிப்பாட்டித் துவட்டி என் கையில குடுக்கிறாங்க, பிள்ளை மேல பன்னு வாசனை அடிக்குது சார்! சொந்தக் கடையில கீசரும் சோலாரும் அடுக்கி வச்சிருக்கிறவன் பேத்தி பன்னு வாசனையோட இருக்கணுமா?

திரும்பி வரும்போதே வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டேன், மேல ஒரு சோலார் வச்சுக் குடுத்திருவோம்னு. அவ, “அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க”ன்னா. சும்மா குடுக்கிறதுக்கு எவனாவது அனுமதி கேப்பானா? பொம்பளை யோசனை அப்படித்தான் போகும்.

கேக்கல, சும்மா சொன்னேன். ரஞ்சனிகிட்ட போன்ல சொன்னேன். சந்தோஷப்படுவான்னு பாத்தா, பாடம் எடுக்குறா.

“அப்பா, வைக்கிறதா இருந்தா இங்க வேற மாதிரி வைக்கணும்ப்பா. மார்கழி வந்துட்டா உறைபனி விழும். குழாய்க்குள்ள நிக்கிற தண்ணி ராத்திரியில கட்டியாயிரும். கட்டியானா விரியும். தாமிரம் தாங்காது.”

“அப்ப என்ன செய்யணும்ங்கிறே?”

“தகட்டுக்குள்ள நம்ம குளிக்கிற தண்ணி போகக் கூடாது. உறையாத மருந்து கலந்த தண்ணி தனியாச் சுத்திக்கிட்டிருக்கணும். அது டேங்க்குக்குள்ள வந்து சூட்டை மட்டும் குடுத்துட்டுத் திரும்பிப் போயிரும், குளிக்கிற தண்ணியோட சேராது. கண்ணாடிக் குழாயும் குளிர் தாங்கும், ஆனா இங்க குரங்கு ஜாஸ்தி. நானும் அவரும் நல்லா விசாரிச்சுட்டோம்ப்பா. தை பிறக்கட்டும், நாங்களே வச்சுக்கிறோம். நீங்க அலையாதீங்க.”

நானும் அவரும்! பாத்தீங்களா? இது அவ பேச்சு இல்ல, அவங்க பேச வைக்கிற பேச்சு. தண்ணி உறைஞ்சா விரியுமாம். அதைப் படிக்க வைக்கிறதுக்கு அலைஞ்சவன் நான். எனக்கே திருப்பிச் சொல்றா. அதுவும் பச்சப்பிள்ளைக்கு ஊத்துற தண்ணிக்குப் பக்கத்துல மருந்து ஓடணுமாம். “சரிம்மா, சரிம்மா”ன்னு போனை வச்சேன்.

மார்கழி பிறந்ததும் வண்டியில ஏத்திட்டேன். இருக்கிறதுலயே பெரிய டேங்க்கு. அதுல நம்ம கடைப் பேரை எழுதச் சொன்னேன், கீழ ‘அன்பளிப்பு’ன்னு சிவப்புல. என் கடையில குழாய் மாட்டுற பிட்டரையும் கூட்டிக்கிட்டு நானே முன்னாடி உக்காந்து போனேன். பேக்கரி வாசல்ல வண்டி நிக்குது, சம்பந்தி வெளியே வந்து பாக்குறாரு. சந்தோஷம் இல்ல, வருத்தம் இல்ல. டேங்க்கைப் பாக்குறாரு, என்னைப் பாக்குறாரு.

“அண்ணாச்சி, எதிர்த்த லாட்ஜ்ல இதே மாதிரிதான் வச்சாங்க. போன வருசம் பனியில வெடிச்சிருச்சு.”

“பனியில வெடிக்கல சம்பந்தி. மட்டச் சரக்கா இருந்திருக்கும்.”

“பாப்போம்”ன்னுட்டு உள்ள போயிட்டாரு.

எங்க வைக்கிறதுங்கிறதுலயும் தகராறு. தகராறுன்னா நான் பேசினேன், அவங்க சிரிச்சாங்க. மாப்பிள்ளை சொல்றாரு, “தெக்குப் பாத்து வச்சிருவோம் மாமா, காலையிலயே வெயில் விழும்.” தெக்குப் பக்கம் என்ன இருக்கு? கொல்லையும் யூகலிப்டஸ் மரமும்தான். அங்க வச்சா எவன் பாப்பான்? ரோடு மேற்கால இருக்கு. மேற்குப் பாத்து வைடான்னு பிட்டர்கிட்ட சொன்னேன். “இங்க மத்தியானத்துக்கு மேல மஞ்சு மூட்டம் இறங்கிரும் மாமா”ங்குறாரு. இறங்கட்டுமே. வெயிலு வெயிலுதானே? எங்க ஊர்ல எப்படித் திருப்பி வச்சாலும் கொதிக்குது.

ஆனா சார், அந்த ஊர்ச் சூரியன் மாதிரி ஒரு சோம்பேறியை நான் பாத்ததில்ல. மெதுவா வருது. வந்தும் ஒரு சூடு சுரணை கிடையாது. சாப்பாட்டு நேரத்துக்கு மஞ்சுக்குள்ள போச்சுன்னா அன்னைக்குத் திரும்பி வராது. நான் சரக்கைக் குறை சொல்ல மாட்டேன். சரக்கு அதேதான். ஊருதான் சரியில்ல.

பிட்டரை அனுப்பிட்டு நான் தங்கிட்டேன். தங்கலேன்னா இவங்க அதைத் தொடக்கூட மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அதே மாதிரிதான் நடந்துச்சு. குழாய் போட்டு, குளிக்கிற ரூமுக்குள்ளயே வெந்நீர் வருது, மறுபடியும் சம்பந்தியம்மா பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு அண்டாவுக்குப் போறாங்க. நான் கேட்டா, “பழகிப்போச்சுங்க அண்ணே”ங்குறாங்க. பழக்கமாம்.

ஒரு நாள் சாயந்தரம் நான் விடல. “இன்னைக்குப் பிள்ளையை என் தண்ணியிலதான் குளிப்பாட்டணும்”னேன்.

ரஞ்சனி கையை விட்டுப் பாத்தா. “வெதுவெதுன்னுதான்ப்பா இருக்கு. நாளைக்கு வெயில் ஏறட்டும், பாக்கலாம்.”

“பச்சப்பிள்ளைக்கு வெதுவெதுன்னுதான் ஊத்தணும். உன்னை எப்படி வளத்தோம்?”

“அது அருப்புக்கோட்டைப்பா.”

“ஏன், அங்க பிறந்த பிள்ளை மனுசப் பிள்ளை இல்லையா?”

ஊத்தினா. எதிர்த்துப் பேச மாட்டா, அப்படி வளத்திருக்கேன். நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். பிள்ளை அழுதுச்சு, எந்தப் பிள்ளைதான் குளிக்கும்போது அழல? மறுநாள் அதுக்குச் சளி பிடிச்சு, உடம்பு கொஞ்சம் சுட்டுச்சு. டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினாங்க, ஏதோ ஆகக் கூடாதது ஆயிட்ட மாதிரி. பிள்ளைன்னா சளி பிடிக்கத்தான் செய்யும். அந்த டாக்டரும் அவங்க பேக்கரியில ரொட்டி வாங்குறவருதான், அவரு என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாதா?

திரும்பி வந்து ரஞ்சனி சொன்னா, “அப்பா, இனி பிள்ளைக்கு அந்தத் தண்ணி வேண்டாம்.” அம்புட்டுத்தான் சொன்னா. ஆனா என் முகத்தைப் பாத்துச் சொல்லல. பிள்ளைக்கு மூக்கைத் துடைச்சுக்கிட்டே சொன்னா.

சரி போகட்டும்னு விட்டேன். பெரியவங்களாவது குளிக்கட்டுமேன்னு இருந்தேன். அப்பத்தான் இன்னொரு சங்கதி. ஒரு நாள் இருட்டுற நேரத்துல மாடிக்குப் போறேன், தகட்டைத் தட்டிப் பாத்தா, உள்ள தண்ணியே இல்ல. டேங்க்குலருந்து தகட்டுக்கு வர்ற வால்வை அடைச்சு, கீழ் மூடியைக் கழட்டிக் கீழ விட்டிருக்காங்க. யாருன்னு பாத்தா, சம்பந்தி! சாயந்தரமானா மேல வந்து தகட்டுத் தண்ணியைப் பூரா வடிச்சுட்டுப் போறதாம், காலையில வெயிலு வந்ததும் திறந்து விடுறதாம். நான் வந்த நாள்லருந்து தினமும் செஞ்சிருக்காரு. எனக்குத் தெரியாம!

நேராப் போயிக் கேட்டேன். “எதுக்கு இந்த வேலை?”

“வெடிச்சிரக் கூடாதுல்ல அண்ணாச்சி. நீங்க ஆசையா வச்சது. தை கழியிற வரைக்கும் இப்படியே ஓட்டிருவோம்னு பாத்தேன்.”

எப்படிப் பேசுறாரு பாத்தீங்களா? ஆசையா வச்சதாம். என் சரக்கு வெடிக்கும்னு முடிவே பண்ணிட்டாரு. அதுவும் மாவு பிசையிற ஆளு. நான் அவரு அடுப்புல கை வச்சேனா? இந்த ரொட்டி வேகலைன்னு ஒரு நாள் சொல்லியிருப்பேனா? என் பொருள்ல கை வைக்க இவரு யாரு?

அடுத்த நாள் சாயந்தரம் அவரு வடிச்சுட்டுக் கடைக்குப் போனதும் நான் மேல போனேன். மூடியை இறுக்கினேன், வால்வைத் திறந்து விட்டேன், தண்ணி நிறைஞ்சிச்சு. திரும்பவும் வந்து அடைப்பாருல்ல? அதனால ஒரு கட்டுக்கம்பியை எடுத்து வால்வுக் கைப்பிடியை பைப்போட சேத்துச் சுத்தி, நல்லா முறுக்கி விட்டேன். எவனும் திருப்ப முடியாது. கொறடு வேணும். கொறடு என் பையில இருந்துச்சு.

விடிஞ்சு பாத்தா ஊரே வெள்ளையா இருக்கு. புல்லு, காரு, தகரக் கூரை எல்லாத்துலயும் உப்பைக் கொட்டின மாதிரி. எல்லாரும் வாசல்ல நின்னு போட்டோ பிடிக்கிறான், இது ஒரு அதிசயம்னு. நான் டீ குடிச்சுக்கிட்டு நிக்கிறேன். தகடு சும்மாத்தான் இருந்துச்சு. ஒரு சத்தம் இல்ல. சம்பந்தி மாடியைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. “பாத்தீங்களா, ஒண்ணும் ஆகலை”ன்னேன்.

வெயிலு கொஞ்சம் ஏறினதும் மேல சோன்னு ஒரு சத்தம். மழைன்னு நினைச்சேன். வானம் நல்லா நீலமா இருக்கு. அப்பத்தான் மாப்பிள்ளை கத்திக்கிட்டே படியில ஓடுறாரு. தகட்டுக்குள்ள குழாய் பல இடத்துல கிழிஞ்சு, ஓரத்துல எல்லாம் தண்ணி பீச்சுது. என்னோட டேங்க் தண்ணி பூரா, அது போதாதுன்னு அவங்க மேல்தொட்டித் தண்ணி அம்புட்டும் அது வழியா இறங்குது. மாடிக்குக் கீழ பக்கவாட்டுல ஒரு தகரக் கொட்டகை, அதுதான் அவங்க ஸ்டோர் ரூம். மைதா மூட்டை எல்லாம் அங்கதான் இருக்கு. கிறிஸ்துமஸுக்கு ஆர்டர் குடுத்தவங்களோட கேக்கு எல்லாம் பெட்டி போட்டு, ரிப்பன் கட்டி அங்கதான் அடுக்கியிருக்கு. தகரத்துல ஆணி அடிச்ச ஓட்டை வழியா அம்புட்டுத் தண்ணியும் உள்ள ஊத்துது.

மாப்பிள்ளை வால்வைத் திருப்புறாரு, திரும்பல. கம்பி. கையால பிரிக்கப் பாத்து விரலைக் கிழிச்சுக்கிட்டாரு. “மாமா, கொறடு, கொறடு!”ங்குறாரு. பையில இருக்கு, பை எங்க வச்சேன்னு எனக்கு அந்த நேரத்துல ஞாபகம் வரல. யாருக்குத்தான் வரும்? கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. நான் தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள தொட்டி காலியாயிருச்சு.

கீழ போனா, ஸ்டோர் ரூம்ல சம்பந்தி பெட்டி பெட்டியாத் தூக்கி வெளியே வைக்கிறாரு. சம்பந்தியம்மா, வேலைக்கு இருக்கிற பொம்பளைங்க, ரஞ்சனி எல்லாரும் கைக்குக் கை மாத்துறாங்க. மைதா பூரா களியாயி தரையில ஓடுது. “நனையாததைத் தனியா வைங்க, நனையாததைத் தனியா வைங்க”ன்னு அதையே சொல்லிக்கிட்டிருக்காரு. நான் வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். என்னைப் பாத்தாரு. நான் தயாராத்தான் இருந்தேன். வாயைத் திறந்து திட்டினாருன்னா பதில் வச்சிருந்தேன்.

“அண்ணாச்சி, ஈரத்துல நிக்காதீங்க, வழுக்கும்”ன்னாரு.

எம்புட்டுத் திமிர் பாத்தீங்களா? ஒரு மனுசன் திட்டணும் சார். திட்டினா நம்மளை மதிக்கிறான்னு அர்த்தம். இது என்ன பேச்சு?

நானும் சும்மா விடல. “தினமும் மூடியைக் கழட்டிக் கழட்டி மாட்டினா ஜாயிண்டு லூஸாகத்தான் செய்யும். நீங்க கை வைக்காம இருந்திருந்தா இது நடந்திருக்காது”ன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னேன். ஜாயிண்டு கிழியல, குழாய்தான் கிழிஞ்சிச்சு, அது எனக்கும் தெரியும். ஆனா தொடக்கம் ஜாயிண்டுலதான் இருந்திருக்கணும். வேற எப்படி? மாப்பிள்ளை விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு வந்தாரு. மூஞ்சியில அந்தச் சிரிப்பு இல்ல. “மாமா, கொஞ்சம் வெளியே போங்க”ன்னாரு. மாமனாரைப் பாத்து!

அன்னைக்குப் பகலும் ராத்திரியும் அவங்க மறுபடி கேக்கு போட்டுக்கிட்டே இருந்தாங்க. பக்கத்துக் கடைக்காரன் மாவு குடுத்தான். என்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல, சொல்லல. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்துச்சு.

நேத்து ரஞ்சனி வந்து என் பக்கத்துல உக்காந்தா. தோள்ல பிள்ளை. பிள்ளைக்குச் சளி விட்டிருச்சு, நல்லாத்தான் இருக்கு.

“அப்பா, நீங்க ஊருக்குக் கிளம்புங்க.”

“தகட்டை மாத்தாம எப்படிப் போறது? பிட்டரை வரச் சொல்லியிருக்கேன்.”

“வேண்டாம்ப்பா. அதை இறக்கிருவோம்.”

“இறக்கிட்டு? மறுபடி அண்டாவா?”

“அண்டாவுல என்னப்பா குறைச்சல்? சூடா வருது.” கொஞ்ச நேரம் பிள்ளை முதுகைத் தட்டிக்கிட்டே இருந்தா. அப்புறம் சொன்னா, “அம்மா நம்ம வீட்ல அந்த வெந்நீர்க் குழாயைத் திறந்ததே இல்ல. உங்களுக்குத் தெரியுமா?”

“யாரு சொன்னா?”

“நான் பாத்திருக்கேன்ப்பா. கோடையில மேல்தொட்டித் தண்ணியே கொதிக்கும். முதநாளே பக்கெட்டுல பிடிச்சு ஆற வச்சு, மறுநாள் அதுல குளிப்பாங்க. நீங்க ‘தண்ணி எப்படி இருக்கு’ன்னு கேப்பீங்க. ‘நல்லா இருக்குங்க’ம்பாங்க.”

“ஏன், வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?”

“நான் சொன்னேனேப்பா. போன்ல.”

அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்க. என் வீட்ல யாரு எந்தத் தண்ணியில குளிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாதா? ஏதோ ஒரு நாள் அவ ஆற வச்சுக் குளிச்சிருப்பா, அதைப் பாத்துட்டு இவ கதை கட்டுறா. இல்லேன்னா அங்க இருக்கிறவங்க கட்டிக் குடுத்திருப்பாங்க. அப்புறம் சொல்றா, “அம்மாவை அனுப்பி வைங்க, கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும். தனியா.” நான் சிரிச்சுட்டேன். அவ மதுரைக்கே தனியாப் போனவ இல்ல. பஜாருக்குப் போறதுன்னாலும் என்கிட்ட சொல்லிட்டுத்தான் போவா.

இன்னைக்குக் காலையில சம்பந்திதான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாரு. என் பையை அவரே தூக்கிட்டு வந்து, ஜன்னலோரமா சீட்டுப் பாத்து வச்சு, பஸ் கிளம்புற வரைக்கும் கீழேயே நின்னாரு. ரஞ்சனி வரல. பிள்ளையைக் குளிர்ல தூக்கிட்டு வர வேண்டாம்னு நான்தான் சொன்னேன். சொன்னேனா? சொல்லியிருப்பேன்.

நீங்க வந்து உக்காறதுக்கு முன்னாடி இந்த சீட்டுல யாரும் இல்ல. அப்ப வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன். நேத்து ராத்திரியும் போட்டேன், எடுக்கல. இன்னைக்கு எடுத்தா. ஒரே இரைச்சல். எங்கடி இருக்கேன்னு கேட்டா, “மேட்டுப்பாளையம் வந்துட்டேங்க”ங்குறா.

“மேட்டுப்பாளையமா? யாரைக் கேட்டுட்டு?”

“ரஞ்சனி வரச் சொன்னா. இட்லி மாவு பிரிட்ஜுல இருக்கு. புளிச்சிரும், நாளைக்குள்ள ஊத்திருங்க.”

“நீ அங்கேயே இரு. நான் இறங்கி வர்றேன், சேந்து ஊருக்குப் போவோம்.”

“பஸ் கிளம்பிருச்சுங்க”ன்னா. வச்சிட்டா. நான் பேசிக்கிட்டிருக்கேன் சார், வச்சிட்டா. டவர் கிடைச்சிருக்காது. இந்த மலையில டவர் எங்க கிடைக்குது?

யாரு டிக்கெட் எடுத்துக் குடுத்திருப்பா, யாரு பஸ் ஏத்தி விட்டிருப்பான்னுதான் யோசிக்கிறேன். அவளுக்குப் பஸ் போர்டைப் பாத்து ஏறத் தெரியுமான்னே எனக்குச் சந்தேகம்.

என்ன, நின்னுட்டான்? ஓ, வளைவுல கீழருந்து பஸ் வருது. ஏறுற வண்டிக்கு வழி விடணும். அது ஒண்ணுதான் இந்த ரோட்டுல ஒழுங்கா நடக்குது.

எங்க? நான் எந்த ஜன்னலையும் உத்துப் பாக்கலியே. அந்தப் பச்சைச் சேலையா? பச்சைச் சேலை ஊருக்குள்ள ஆயிரம் பேரு கட்டுவா. பக்கத்துல இருக்கிறவ என்னத்தையோ சொல்றா, இந்தம்மா வாயைக்கூடப் பொத்தாம சிரிக்குது. கண்ணாடியைத் திறந்து வச்சுக்கிட்டு, அந்தக் குளிர்ல.

நான் எந்திரிச்சேனா? கால் மரத்துப்போச்சு சார், அதான். கூப்பிடுறதா? யாரைக் கூப்பிடச் சொல்றீங்க? போகட்டும், போகட்டும், நம்ம வண்டி எடுக்கட்டும்.

இல்ல சார். அது வேற யாரோ. கட்டினவளை எனக்குத் தெரியாதா? அவ இப்படிச் சிரிக்கிறவ இல்ல.